படத்தொகுப்பு: என் மருமகள்

அந்தப் பெரிய ஹோட்டலின் சலவைக்கூடம் தரைக்குக் கீழே இருந்தது. மேலே மாடி மாடியாக விருந்தினர்கள் தூங்கி எழுந்து கலைத்துப்போட்ட விரிப்புகளெல்லாம் ஒரு பெரிய குழாய் வழியாகச் சறுக்கிக்கொண்டு கீழே வந்து விழும். திங்கட்கிழமைதான் அவை மலைபோல் குவியும் நாள். சினிமாப் பேச்சு குவியும் நாளும் அதுதான்.

பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, நெருங்கி வந்து முனைகளைச் சேர்த்து, மறுபடி விலகி, மறுபடி நெருங்க வேண்டும். விலகி நிற்கும்போது கத்திப் பேசலாம், நெருங்கும்போது காதோடு பேசலாம். அதனால் கதாநாயகனைப் பற்றிய புகழ்ச்சியெல்லாம் அங்கே உரக்கவும், கதாநாயகியைப் பற்றிய வம்பெல்லாம் ரகசியமாகவும் நடந்தன.

இந்தச் சபையில் நான்கு பேர். சண்டைப் படம் தவிர வேறெதையும் படமென்றே ஒப்புக்கொள்ளாத சூப்பர்வைசர் ஒருவர். எந்தப் படத்துக்குப் போனாலும் இடைவேளைக்குள் கைக்குட்டையை நனைத்துவிடுகிற இளம்பெண் ஒருத்தி. அவளுக்கு 'டேங்க்' என்று பெயர். தியேட்டர் ஏசியில் நன்றாகத் தூங்கிவிட்டு, பார்க்காத படத்துக்கும் தைரியமாகக் கருத்துச் சொல்லும் இஸ்திரி அண்ணன் ஒருவர். நான்காவது ஆள் சென்சார் அக்கா.

அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது சூப்பர்வைசர்தான். அவருடைய அபிமான நாயகனின் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, "அந்தாளு முப்பது பேரை அடிக்கிறாரு, சரி. ஆனா அடி வாங்குறவன்ல ஒருத்தனுக்காவது வலிக்குதா? வலிக்காத அடிய எதுக்குப்பா பாக்கணும்?" என்று அவள் கேட்டபோது, அவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. "சென்சார் போர்டே உங்ககிட்ட வந்து கத்துக்கணும்க்கா" என்று கோபமாகச் சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். யாருடைய முகத்துக்காகவும் ஒரு படத்தை நல்ல படம் என்று அவள் சொன்னதில்லை. பிடித்திருந்தால் ஏன் பிடித்தது என்று சொல்வாள். பிடிக்காவிட்டால் எந்த இடத்தில் மனசு விட்டுப்போயிற்று என்று சொல்வாள். இதில் அவள் கறார்.

இப்படிப்பட்டவள் ஒரு விஷயத்தை மட்டும் சபையில் மூடி மறைத்து வைத்திருந்தாள். அவளுடைய மருமகளுக்கு சினிமாவில் எடிட்டர் வேலை.

மறைத்தாள் என்றாலும் பொய் சொல்லவில்லை. "மருமக என்ன பண்றா?" என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல வேலை" என்பாள். உண்மையும் அதுதான். வீட்டின் உள்ளறையில் இரண்டு திரைகளுக்கு முன்னால், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரே ஆள் ஒரே கதவைத் திறப்பதைக் காலையிலிருந்து மதியம்வரை திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பாள் அந்தப் பெண். கல்யாணமாகி வந்த புதிதில் அதைப் பார்த்த அத்தைக்குத் தலை சுற்றியது. அப்புறம் பழகிவிட்டது. அதற்கும் அப்புறம், சாப்பாட்டுத் தட்டோடு பின்னால் நின்று, "ஏம்மா, போன தடவை கதவு திறந்ததே நல்லா இருந்துச்சே" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது.

பல வருஷம் மற்றவர்களுக்குக் கீழே உதவியாளராக உழைத்த மருமகளுக்கு, இப்போதுதான் முதல்முறையாகத் தன் பெயரில் ஒரு படம் வெளிவந்தது. பெரிய நடிகர் யாரும் இல்லாத சின்னப் படம். தனியாக வாழும் ஒரு தகப்பன் வீட்டை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குக் குடிபோகிற ஒரே நாள்தான் கதை. சாமான் கட்டுகிறார்கள், லாரி வருகிறது, பூட்டுகிறார்கள், கிளம்புகிறார்கள்.

சபைக்கு இதை ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் மூன்று பேரும் பல்லை இளித்துக்கொண்டு "சூப்பர்க்கா" என்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு வேண்டியது அந்த 'சூப்பர்' இல்லை. பெற்ற பெண்ணாக இருந்தால்கூட இப்படி அடித்துக்கொண்டிருக்காது அவள் நெஞ்சு. படம் நிஜமாகவே நன்றாக இருக்கிறது என்று, எடிட்டர் யாரென்றே தெரியாமல் யாராவது சொல்லி, அவள் காதால் கேட்கவேண்டும்.

முதல் நாள் மாலைக் காட்சிக்குக் குடும்பத்தோடு போனார்கள். திரையில் எழுத்துகள் வந்தன. 'படத்தொகுப்பு' என்ற சொல்லும், அதற்குக் கீழே மருமகளின் பெயரும். வீட்டில் எல்லோரும் அவளைக் 'கண்ணு' என்றே கூப்பிட்டுப் பழகியதால், அந்த முழுப்பெயரைப் பார்க்க வேறு யாரோ பெரிய மனுஷியின் பெயரைப்போல இருந்தது. சென்சார் அக்கா இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டாள். பக்கத்தில் மகன் விசிலடிக்க முயன்று வெறும் காற்றை ஊதினான்.

படம் முடிந்து வெளியே வந்ததும் மருமகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படி இருந்துச்சு அத்தை?"

"நல்லா இருந்துச்சும்மா."

மருமகள் இன்னும் எதற்கோ காத்திருந்தாள். அத்தை கைப்பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். அவ்வளவுதான். மூன்று பேரும் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார்கள்.

சென்சார் அக்காவின் சினிமா வாழ்க்கையில் அதுதான் முதல் பொய். படம் மோசம் என்று அவள் நினைக்கவில்லை. பாதிக்கு மேல் மிக நன்றாகவே இருந்தது. ஆனால் பிற்பகுதியில் இரண்டு இடம் இழுவையாகப் பட்டது. அதை எப்படிச் சொல்வது? ஊரில் எவன் சொன்னாலும் அதற்குப் பெயர் விமர்சனம். மாமியார் சொன்னால் அதற்குப் பெயரே வேறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபையையே அந்தப் படத்துக்குத் துரத்திவிட்டாள். "நல்ல படம்னு பேசிக்கிறாங்க, பாத்துட்டு வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள். திங்கட்கிழமை காலை, முதல் விரிப்பை உதறும்போதே அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

எதிர்முனையைப் பிடித்திருந்த டேங்க்தான் முதலில் ஆரம்பித்தாள். "அக்கா, அந்த அப்பா கடைசியா சாவியைக் குடுக்குறாரு பாருங்க, கைய விட மாட்டேங்குறாரு... எனக்குத் தாங்கலக்கா."

'நீ விளம்பரத்துக்கே அழுவ' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாலும், சென்சார் அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

"என்ன படம் அது?" என்றார் சூப்பர்வைசர், துண்டுக் கட்டுகளுக்கு நடுவிலிருந்து. "வில்லனே இல்ல. சரி, லாரிக்காரன் ஏதாவது தகராறு பண்ணுவான்னு பாத்தேன். அவனும் நல்லவனாப் போயிட்டான்."

"எல்லா வீட்லயும் வில்லன் இருப்பானா?" என்றாள் சென்சார் அக்கா, கொஞ்சம் சூடாக.

அப்போதுதான் இஸ்திரி அண்ணன் வாயைத் திறந்தார். இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்று ஆவி விட, அவரும் கூடவே ஒரு பெருமூச்சு விட்டார். "அந்த அப்பாவோட பொண்ணு காலி ரூம்ல நிக்குது, நிக்குது, நின்னுக்கிட்டே இருக்குது. நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்தா அப்பவும் நிக்குது. எனக்கென்னமோ அந்த எடிட்டரும் தூங்கிட்டான்னு நெனைக்கிறேன்."

விரிப்பின் முனை சென்சார் அக்காவின் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"தூங்கினவர் நீங்க! முழிச்சிருந்து வேலை பாத்தவங்களை ஏன் சொல்றீங்க? ஒரு படத்தை வெட்டி ஒட்டி முடிக்கிறதுக்குள்ள கண்ணெல்லாம் சிவந்து, கழுத்து பிடிச்சு, சோத்தை மறந்து... உங்களுக்கு என்ன தெரியும்?"

டேங்க் விழுந்த விரிப்பை எடுத்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தாள். "நீங்க ஏன்க்கா இவ்ளோ கோவப்படுறீங்க? சரி, நீங்க சொல்லுங்க. உங்க தீர்ப்பு என்ன?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நல்லா இருந்துச்சு."

சூப்பர்வைசர் உண்மையாகவே பயந்துபோனார். "அக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா? வேணும்னா அரை நாள் லீவு போட்டுட்டுப் போங்க."

அன்று மாலை வீட்டில் மருமகள் காயப்போட்ட துணிகளை எடுத்துவந்து கட்டிலில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தாள். பகல் முழுக்கத் துணி மடித்துவிட்டு வந்த அத்தையும் பழக்கதோஷத்தில் உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்தாள். மூன்று நாளாக இருவருக்கும் நடுவில் ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்தது. பேச்செல்லாம் பால் வாங்கியாச்சா, கதவைச் சாத்தியாச்சா என்ற அளவோடு நின்றிருந்தது.

"அத்தை, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் மருமகள், தலை நிமிராமல். "பக்கத்து வீட்டுக்காரங்க கல்யாண வீடியோவைப் பாத்துட்டு வந்து எங்கிட்ட அரை மணி நேரம் பேசினீங்க. மாப்பிள்ளை தாலி கட்டுற நேரத்துல கேமராக்காரன் மேளக்காரரைக் காட்டிட்டான்னு அன்னைக்குப் பூரா திட்டுனீங்க. என் படத்துக்கு மட்டும் 'நல்லா இருந்துச்சு', அவ்வளவுதானா? அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?"

சென்சார் அக்கா சட்டையைக் கீழே வைத்தாள்.

"மோசமா? யாரு சொன்னா மோசம்னு? அந்தப் பேரு திரையில வந்தப்போ எழுந்து நின்னு, இது எங்க வீட்டுப் பொண்ணுன்னு கத்தணும்போல இருந்துச்சு எனக்கு."

"பேரை விடுங்க. படத்தைச் சொல்லுங்க."

"சொன்னா மாமியார் குத்தம் சொல்றான்னு ஆயிடும் கண்ணு."

"மாமியாரை யாரு கேட்டா? நான் சென்சாரைக் கேக்குறேன்."

வீட்டிலும் அந்தப் பெயர் தெரிந்திருந்தது அத்தைக்கு அப்போதுதான் தெரிந்தது. மகனின் வேலையாக இருக்கும். அவள் கட்டிலில் காலை மடக்கிச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"சரி, கேட்டுக்க. எதிர்வீட்டு நண்பர் வந்து போயிட்டு வாப்பான்னு சொல்றாரு. அழகா இருக்குது. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. அப்புறம் லாரிகிட்ட வந்து மறுபடியும் சொல்றாரு. ஏன்? ஒரு தடவை அழவெச்சது பத்தாதா? ரெண்டாவது தடவை வந்ததும் மொதத் தடவை அழுததும் வீணாப்போச்சு."

மருமகளின் முகம் சிவந்தது. "அது மொதத் தடவை அவரு பேசுறாரு, ரெண்டாவது தடவை பேச முடியாம நிக்கிறாரு. அந்த வித்தியாசம்..."

"அப்ப பேச முடியாததை மட்டும் வெச்சிருக்கலாமே."

"மொதல்ல பேசினாத்தானே அத்தை அப்புறம் பேச முடியலன்னு தெரியும்!"

"பாக்குறவனுக்கு அறிவு இல்லியா? அவனுக்குத் தெரியாதா?"

குரல்கள் ஏறிக்கொண்டே போயின. மடித்த துணியெல்லாம் அவர்கள் கைவீச்சில் மறுபடி கலைந்தது. வேலையிலிருந்து அப்போதுதான் வந்த மகன், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே வெலவெலத்து நின்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் பயந்துகொண்டிருந்த நாள் வந்தேவிட்டது என்று நினைத்துவிட்டான் பாவம்.

"அம்மா... என்ன பிரச்சனை? எதுவா இருந்தாலும் உக்காந்து பேசிக்கலாம்..."

"நீ சும்மா இருடா!" என்றாள் அம்மா.

"நீங்க சும்மா இருங்க!" என்றாள் மனைவி.

அவன் அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்தான்.

"அடுத்து அந்தக் காலி ரூம்" என்று ஆரம்பித்தாள் அத்தை. "நிக்கிறா, நிக்கிறா, பேச்சும் இல்ல, பாட்டும் இல்ல. தியேட்டர்ல என் முன்னாடி ஒருத்தன் செல்போனை எடுத்துட்டான். ஓரத்துல ஒரு அம்மா கொட்டாவி விடுறாங்க. எனக்கு உசுரே போச்சு."

மருமகள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "அத்தை, அந்த ரூம்ல அவ என்ன கேக்குறா?"

"என்ன கேக்குறா? ஒண்ணும் கேக்கல."

"பக்கத்து வீட்டுச் சத்தம் கேக்குறா. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ குழாயைத் திறக்குறாங்க. ஒருத்தர் இருமுறாரு. ஒரு குழந்தை பாடத்தைத் தப்பாப் படிக்குது, அவங்கம்மா திருத்துறாங்க. அப்பா தனியா இருந்த வருஷமெல்லாம் அந்தச் சத்தத்தைத்தான் துணைக்கு வெச்சிருந்திருக்காரு. அவளுக்கு அது அங்கதான் புரியுது. டைரக்டர்கூட குறைச்சிடலாம்னுதான் சொன்னாரு. அவளுக்குப் புரியிற வரைக்கும் நிக்கட்டும்னு நான்தான் சண்டை போட்டு வெச்சேன். நீங்க அதைக் கேக்கவே இல்லியா?"

சென்சார் அக்கா யோசித்துப் பார்த்தாள். குழாயும் இல்லை, இருமலும் இல்லை, குழந்தையும் இல்லை. அந்த இடத்தில் அவளுக்கு ஞாபகம் வந்ததெல்லாம் முன்வரிசைக்காரனின் பிடரியும் ஓரத்து அம்மாவின் கொட்டாவியும்தான்.

"கண்ணு," என்றாள் மெதுவாக, "நான் படத்தைப் பாக்கவே இல்லம்மா. ஆளுங்களைத்தான் பாத்துட்டு இருந்தேன். யாரு அசையுறா, யாரு எழுந்துக்கிறான்னு. அவங்களுக்குப் பிடிக்கணுமேன்னு அடிச்சிக்கிட்டு இருந்துச்சு எனக்கு."

மருமகள் கலைந்து கிடந்த துணிகளைத் தாண்டி வந்து அத்தையின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்த மகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்த அத்தையின் பின்னால் வந்து நின்றாள் மருமகள். ராத்திரி தூங்கவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது.

"அந்த எதிர்வீட்டு நண்பர் விஷயம்... நீங்க சொன்னதுதான் சரி அத்தை. ரெண்டுல ஒண்ணை எடுத்திருக்கணும். எனக்கு ரெண்டையும் விட மனசு வரல."

"ஆனா படம் வெளிய வந்துடுச்சே" என்றாள் அத்தை, நுரையைத் துப்பிவிட்டு.

"இதுல முடியாது. இனிமே மனசு வராத இடத்துல உங்க குரல் கேக்கும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அத்தை அவசரமாக வாய் கொப்பளித்து, முகத்தில் இன்னும் நாலு கை தண்ணீரை அடித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு சபையை மறுபடியும் தியேட்டருக்கு இழுத்துக்கொண்டு போனாள் சென்சார் அக்கா. இஸ்திரி அண்ணன் முரண்டு பிடித்தார். "பாத்த படத்தையே எதுக்கு?" "நீங்க எங்க பாத்தீங்க? தூங்கினீங்க. டிக்கெட் என் செலவு, முழிச்சிருக்கிறது உங்க செலவு" என்று அடக்கிவிட்டாள். மருமகளும் வந்தாள். "என் மருமக" என்று மட்டும் அறிமுகம் நடந்தது.

இந்தத் தடவை அவள் யாருடைய பிடரியையும் பார்க்கவில்லை. அந்த வெற்று அறை வந்தபோது மடியில் கையைக் கோத்து வைத்துக்கொண்டு காதைக் கொடுத்தாள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, எங்கோ சுவருக்கு அப்பால், குழாய் திறந்தது. இருமல். அப்புறம் அந்தக் குழந்தையின் குரல், தப்பான வரியை இரண்டாவது தடவையும் தப்பாகவே படித்தது.

கணவர் போய்ச் சேர்ந்து, மகனும் வேலைக்காக வெளியூரில் இருந்த காலம் ஒன்று உண்டு. மேல்மாடியில் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தத்துக்காக அவள் சாப்பிடாமல் காத்திருந்த மாலைகள் அவை. அந்தச் சத்தம் வந்த பிறகுதான் தட்டை எடுத்து வைப்பாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மகனிடமும் இல்லை. இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது?

தெரிந்திருக்காது. ஆனால் அந்த அறையில் அந்தப் பெண்ணை அவ்வளவு நேரம் நிற்கவைக்கத் தெரிந்திருக்கிறது. சென்சார் அக்கா இருட்டில் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். மருமகள் திரையைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பிப் படத்தைப் பாரு" என்று கிசுகிசுத்தாள் அத்தை.

படம் விட்டதும் தியேட்டருக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். டேங்க் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர், லாரிக்காரன் நல்லவனாக இருப்பதும் ஒரு வகையில் சரிதான் என்று இறங்கி வந்தார். இஸ்திரி அண்ணன் மட்டும் பழைய இடத்திலேயே நின்றார்.

"முழுசா முழிச்சிருந்தேன், ஒத்துக்கிறேன். அந்த ரூம் நல்லாத்தான் இருக்குது. ஆனா மொதப் பாதியில அட்டைப்பெட்டி கட்டிக்கிட்டே இருக்காங்களே, எத்தனை பெட்டிய்யா? இதைக்கூட வெட்டத் தெரியாதவனை எவன் எடிட்டரா வெச்சான்?"

சென்சார் அக்கா டீ கிளாஸை மேசையில் வைத்தாள். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"வேலை பாத்தது அவன் இல்ல, அவ. இதோ இருக்கா பாருங்க. இந்தப் படத்தோட எடிட்டர், என் மருமக."

இஸ்திரி அண்ணனுக்குப் புரையேறிவிட்டது. டேங்க் "அக்கா!" என்று கூவியதில் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "அடப்பாவி அக்கா, கம்ப்யூட்டர்ல வேலைன்னு சொன்னீங்க!" என்றார் சூப்பர்வைசர்.

"கம்ப்யூட்டர்லதான் வேலை. முன்னாடியே சொல்லியிருந்தா நீங்கல்லாம் பொய் சொல்லியிருப்பீங்க."

இஸ்திரி அண்ணன் இருமலுக்கு நடுவே கையை உயர்த்தினார். "மன்னிச்சிரும்மா. நான் ஏதோ வாய்க்கு வந்ததை... படம் அருமை. பெட்டியெல்லாம் ரொம்ப அருமையான பெட்டி..."

"ஐயோ, மாத்தாதீங்கண்ணே!" மருமகள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நிஜமாத்தான் கேக்குறேன். எந்தப் பெட்டி கட்டுறப்போ உங்களுக்குப் போதும்னு தோணுச்சு? பாத்திரம் கட்டுறதா, புத்தகம் கட்டுறதா?"

அவர் சந்தேகமாக சென்சார் அக்காவைப் பார்த்தார். அவள் தலையசைத்ததும், தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் வாழ்நாளில் முதல்முறையாகக் கண்ணால் பார்த்த ஒரு படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மருமகள் முழங்கையை மேசையில் ஊன்றிக் கேட்டாள். ஓரிடத்தில் ஒத்துக்கொண்டாள், இன்னோரிடத்தில் மேசையைத் தட்டி மறுத்தாள். சூப்பர்வைசர் நடுவில் புகுந்தார். டேங்க் சாவிக் காட்சியில் யாரும் கைவைக்கக் கூடாது என்று எச்சரித்தாள்.

சென்சார் அக்கா தன் தீர்ப்பையும் சொன்னாள். அந்த வெற்று அறையைப் பற்றி வெகுநேரம் பேசினாள். மேல்மாடி நாற்காலியை மட்டும் தனக்கே வைத்துக்கொண்டாள். எதிர்வீட்டு நண்பர் ஒருமுறை வந்திருந்தால் போதும் என்பதையும் விட்டுவைக்கவில்லை. எல்லார் முன்னாலும் தன்னைக் குறை சொன்ன அத்தையைப் பார்த்து மருமகள் முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்ததை, டீக்கடைக்காரர் ஒரு அதிசயம்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே காட்சி பார்த்துவிட்டு வந்த இரண்டு இளைஞர்கள் பக்கத்து மேசையில் வந்து உட்கார்ந்தார்கள். "நடிப்பெல்லாம் ஓகே மச்சி. ஆனா ஒரு எடத்துல லேசா போரடிச்சுது" என்றான் ஒருவன்.

சென்சார் அக்கா தன் நாற்காலியை முழுசாக அவர்கள் பக்கம் திருப்பினாள்.

"எந்த எடத்துல தம்பி? சும்மா கூச்சப்படாம சொல்லுங்க. படத்தை வெட்டி ஒட்டினது எங்க வீட்டுப் பொண்ணுதான், இதோ பக்கத்துலயே இருக்கா."